மருந்துப் பெட்டியில் மாட்டிக்கொண்ட சுக்கு

“யாருக்கும்மா காயலா?”

பாத்திரத்தின் மூடியைத் திறந்து மோந்து பார்த்த ஆயா கேட்ட கேள்வி இது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு வீடு. புரட்டாசிச் சனிக்கிழமை, பூசை முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் புரட்டாசி முழுக்கக் கறி, மீன் எதுவும் கிடையாது. சனிக்கிழமைகளில் யார் வீட்டிலாவது கூடுவோம், ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுபோவோம். நான் கொண்டுபோனது துவரம்பருப்பு. மிளகாய் இல்லாமல், மிளகும் சீரகமும் சுக்கும் ஒன்றிரண்டாக இடித்துப் போட்டு, நெய்யில் கறிவேப்பிலை தாளித்தது. ஆயா கேட்டதும் கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். “ஒருத்தருக்கும் இல்லை ஆயா, சும்மாதான் போட்டேன்” என்றேன். “சும்மா யார்னா சுக்கு போடுவாங்களா?” என்று சொல்லிவிட்டு, மரியாதைக்காக ஒரு கரண்டி மட்டும் போட்டுக்கொண்டார். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேத்தி அவர். தமிழ் பேசுகிறவர்கள் அருகிப்போன இந்த ஊரில் அவரிடம் பேச்சுக் கொடுப்பதே எனக்கு ஒரு சுகம். அதனால் அந்தக் கேள்வியை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் விடவும் முடியவில்லை.

பருப்பில் பூண்டு போட்டிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார். பூண்டும் மருந்துதான். மஞ்சள் மருந்து, மிளகு மருந்து, வெந்தயம் மருந்து, பெருங்காயம் வாயுவுக்கு மருந்து. இவையெல்லாம் காலையில் மருந்தாகவும் மதியம் குழம்பாகவும் வீட்டுக்குள் சௌகரியமாக நடமாடுகின்றன. மிளகு ரசத்தை மோந்து பார்த்து யாரும் யாருடைய உடம்பையும் விசாரிப்பதில்லை. சுக்கு வாசம் வந்தால் மட்டும் வீட்டில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாகிவிடுகிறது. யோசித்துப் பார்த்தால் ஆயா மட்டும் இப்படி இல்லை. நெல்லைப் பக்கத்தில் என் அம்மாவின் அடுக்களையும் இதைத்தான் சொன்னது. அஞ்சறைப்பெட்டியில் சுக்குக்கு அறை கிடையாது. அது இருந்தது மேல்தட்டில், மூடி துருப்பிடித்த ஒரு பழைய தகர டப்பாவில். கூட இருந்தவை வசம்பு, சித்தரத்தை, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய். பிள்ளைகளுக்கு உரைத்துக் கொடுக்கிற சாமான்களின் சங்கம் அது. தலைவலி என்றால் அந்த டப்பா இறங்கும். உரைகல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, சுக்கைச் சாய்த்துப் பிடித்து அம்மா தேய்ப்பாள். கல்லில் வெளுத்த பழுப்பு நிறத்தில் ஒரு விழுது வழியும். அதை விரலால் வழித்து நெற்றியில் பற்றுப் போடுவாள். முதலில் குளிரும், பிறகு காந்தும், காய்ந்ததும் தோல் இழுக்கும். சுக்கு என்றால் எனக்கு நாக்கு ஞாபகம் வருவதற்கு முன்னால் நெற்றி ஞாபகம் வந்துவிடும்.

சுக்குக்கு மிஞ்சின மருந்தும் இல்லை, சுப்பிரமணியனுக்கு மிஞ்சின சாமியும் இல்லை என்று ஒரு பழமொழி இருக்கிறதே, சுக்கைக் கெடுத்தது அதுதான் என்று எனக்குச் சந்தேகம். இவ்வளவு உயரத்தில் ஏற்றிவைத்த பிறகு அது எப்படிக் கத்தரிக்காயோடு சட்டியில் இறங்கும்? மருந்து என்று பேர் வாங்கிய பண்டத்தை நாம் ருசிக்குச் சாப்பிடுவதில்லை. பலனுக்குச் சாப்பிடுகிறோம், மூக்கைப் பிடித்துக்கொண்டாவது. இன்றைக்குச் சுக்கைப் பற்றி எழுதுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். அது என்னென்ன நோயைத் தீர்க்கும் என்று நீளமாகப் பட்டியல் போடுகிறார்கள். அது எந்தக் காய்க்குப் பொருந்தும் என்று யாரும் சொல்வதில்லை.

இத்தனைக்கும் சுக்கு நம் சாப்பாட்டில் இல்லாமல் இல்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியில் மிளகு, சீரகத்தோடு சுக்கும் உண்டு. அழகர்கோயில் தோசையிலும் உண்டு. அதிரசத்துக்கு ஏலக்காயோடு சுக்கு தட்டிப் போடுகிறோம். பொரிவிளங்காய் உருண்டையில் சுக்கு இல்லையென்றால் அது வெறும் மாவு. எங்கள் ஊர்ப் பக்கத்தில் சுக்குப் போட்ட கருப்பட்டியைப் பிள்ளைகள் மிட்டாயாகத் தின்பார்கள். கேரளத்தில் அடைப் பிரதமனில் கடைசியாகச் சுக்குப் பொடி தூவி இறக்குவார்கள். இந்தப் பட்டியலில் பாதி சாமிக்கு, பாதி இனிப்புக்கு. தினப்படிக் குழம்பும் கூட்டும் கண்ணில் படவில்லை. காரணம் மிளகாய் என்று நினைக்கிறேன். போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மிளகாய் வருவதற்கு முன்னால் நம் சட்டியில் உறைப்பு என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி, சுக்கு இவைதான். மிளகாய் வந்து உட்கார்ந்ததும் மிளகு ரசத்திலும் பொங்கலிலும் ஒதுங்கித் தப்பித்துக்கொண்டது. திப்பிலியும் சுக்கும் மேல்தட்டு டப்பாவுக்குப் போய்விட்டன. மிளகாயைச் சேர்க்காத பெருமாள் கோயில் மடப்பள்ளிகளில் மட்டும் பழைய ஏற்பாடு அப்படியே தங்கியது. டர்பனிலோ மிளகாய்தான் ராஜா. விக்டோரியா தெருச் சந்தையில் செக்கச்செவேலென்று கோபுரமாகக் குவித்து, ‘மாமியார் ஒழிப்பான்’ என்ற பொருளில் ஆங்கிலப் பேர் எழுதி விற்கிற மசாலாவைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டாம். அந்த ஊரில் போய் மிளகாயில்லாத சுக்குப் பருப்பை வைத்தால், நோயாளி எங்கே என்று கேட்கத்தான் செய்வார்கள்.

வாளி நிறைய

இந்த யோசனை வேறு திசையில் திரும்பியது டர்பனை ஒட்டிய குவாமாஷூவில், கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தியின் வீட்டில். அவள் தங்கைக்கு உமெமுலோ. ஜூலுக் குடும்பங்களில் பெண் ஆளானதைக் கொண்டாடும் சடங்கு; பெரும்பாலும் இருபத்தொரு வயதை ஒட்டிச் செய்கிறார்கள். முந்தின நாளே வரச் சொல்லியிருந்தாள். கொல்லைப்புறத்தில் பெண்கள் கூட்டம், ஒரு பக்கம் பரங்கி நறுக்குகிறார்கள், ஒரு பக்கம் ரொட்டிக்கு மாவு பிசைகிறார்கள். சுவரோரம் இருபது லிட்டர் வெள்ளை பிளாஸ்டிக் வாளிகள் வரிசையாக. அதன் முன்னால் ஸ்டூல் போட்டு அவளுடைய பாட்டி, எல்லோரும் ‘கோகோ’ என்று கூப்பிடுகிறவர், உட்கார்ந்திருந்தார். அவர் கலக்கிக்கொண்டிருந்தது கெமெரே. ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசுகிறவர்களுக்கு அது கெம்மர்பியர், கிறிஸ்துமஸ் சமயத்துப் பானம். ஜூலு, சோத்தோ வீடுகளில் கல்யாணம், சாவு, சபைக் கூட்டம் எதுவானாலும் இது உண்டு. சாராயம் தொடாத சபைக்காரர்கள் வீட்டு விசேஷம் என்றால் கட்டாயம் உண்டு.

கோகோ பொட்டலத்தைப் பிரித்து வாளியில் கொட்டியபோது ஒரு மஞ்சள் புகை எழும்பியது. எனக்கு உடனே தும்மல். நெற்றியில் அம்மாவின் விரல் பட்டதுபோல இருந்தது. சுக்குப் பொடி! அரைக் கரண்டி, கால் கரண்டி கணக்கெல்லாம் இல்லை, பொட்டலம் பொட்டலமாக. அதன் மேல் பழுப்புச் சர்க்கரை, டார்டாரிக் அமிலத் தூள், கிரீம் ஆஃப் டார்டார், ஒரு கை உலர்திராட்சை, கழுவிய அன்னாசித் தோல், கொஞ்சம் ஈஸ்ட். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி நீளமான மரக்கரண்டியால் அடிவரை கிளறினார். மூடி போட்டு, மேலே ஒரு போர்வை. மறுநாள் காலையில் வாளியைத் திறந்து அவர் முதலில் பார்த்தது திராட்சையை. நேற்று அடியில் கிடந்த திராட்சைகள் ஊதிப்போய் மேலே மிதந்துகொண்டிருந்தன. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வெளிவிடும் வாயு, திராட்சையின் சுருக்கங்களில் குமிழிகளாக ஒட்டி அவற்றைத் தூக்கிவிடுகிறது. திராட்சை மிதந்தால் கெமெரே தயார். வடிகட்டிக் குளிர வைத்தார்கள்.

ஒரு தம்ளர் கொடுத்தார். கலங்கலான வெளிர் பழுப்பு, அடியில் மெல்லிய மாவுப் படிவு. முதலில் இனிப்பும் புளிப்பும், விழுங்கின பிறகு தொண்டையில் ஏறுகிற அந்த நிதானமான காந்தல். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்குள் இருக்கிற தமிழச்சி சும்மா இருப்பாளா? “கோகோ, இது சளிக்கு நல்லதுதானே?” என்று தோழியைக் கேட்கச் சொன்னேன். கோகோ என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சொன்னதைத் தோழி எனக்குச் சொன்னாள்: “சளிக்கா? சளிக்கு உம்ஹ்லோன்யானே இருக்கே. இது விருந்தாளிக்கு.” வேலி ஓரம் கை காட்டினார். வெள்ளி பூத்த சாம்பல் பச்சையில், பொடிப்பொடியாகக் கிழிந்த இலைகளோடு ஒரு புதர். ஒரு கொத்துக் கிள்ளிக் கசக்கிக் கொடுத்தார். கசப்பும் கற்பூரமும் கலந்த வாசம், கொஞ்சம் மரிக்கொழுந்தை ஒத்தது. பிறகு தெரிந்தது, இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவைதான். தென்னாப்பிரிக்காவில் சளி, இருமல், காய்ச்சல் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தச் செடி. கொரோனாக் காலத்தில் அதற்கு அடிதடி.

அந்தப் பதிலை நான் பல தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கோகோ வீட்டில் மருந்து வேலையை வேறொரு செடி பார்த்துக்கொள்கிறது. அதனால் சுக்கு அங்கே சுதந்திரமாக இருக்கிறது. அதைக் குடிக்கிறவர்கள் யாரும் பலனை எதிர்பார்ப்பதில்லை. நல்லா இருக்கா, இன்னொரு தம்ளர் ஊற்றட்டுமா, அவ்வளவுதான் பேச்சு. நம் வீட்டில் அந்த வேலையைச் சுக்கின் தலையில் கட்டிவிட்டோம். 2021 தொடக்கத்தில் இந்த நாட்டில் இஞ்சி, பூண்டு விலை தாறுமாறாக ஏறி, வணிகப் போட்டி ஆணையம் விசாரிக்கிற அளவுக்குப் போனது. அப்போது இஞ்சிக்காக வரிசையில் நின்றவர்கள் கறி வைக்கவா நின்றார்கள்? கொரோனாவுக்குக் கஷாயம் வைக்க நின்றார்கள்.

இன்னொன்றும் தம்ளரைக் கையில் வைத்திருந்தபோதே உறைத்தது. புளியின் புளிப்பில் பெரும்பங்கு டார்டாரிக் அமிலம். அப்படியானால் கோகோவின் வாளியில் இருப்பது என்ன? சுக்கு, சர்க்கரை, புளியின் புளிப்பு. ஈஸ்டைக் கழித்துவிட்டால் அது பானகம். புளி கரைத்து, வெல்லம் போட்டு, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு ஸ்ரீராமநவமிக்கு நாம் குடிக்கிற அதே பானகம். ஆங்கிலேயர் வீட்டு ஜிஞ்சர் பியர் இந்த ஊருக்கு வந்து கைமாறிக் கைமாறிக் கெமெரே ஆனது. பானகத்துக்கும் அதற்கும் நேரடிச் சொந்தம் எதையும் நான் கொண்டாடவில்லை. வெயில் நாளில் ஒரு தாகத்துக்கு மனிதர்கள் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதை வாரக்கடைசியில் எல்லாம் குடிக்கிறார்கள், நாம் வருஷத்தில் ஒரு நாள் உள்ளங்கையில் ஒரு உத்தரணி வாங்குகிறோம்.

பச்சை வேறு, காய்ந்தது வேறு

கோகோவிடம் இன்னொரு கேள்வியும் கேட்டேன். சந்தையில் பச்சை இஞ்சி கிடைக்கிறதே, அதைத் துருவிப் போட்டால் என்ன? அவர் முகம் சுளித்தார். பச்சை வாயோடு போய்விடும், தூள்தான் தொண்டைக்குள் இறங்கும் என்றார். இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பச்சை இஞ்சியின் உறைப்புக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற பொருள். காயும்போது அதில் ஒரு பகுதி தண்ணீரை இழந்து ஷோகால் ஆகிறது. ஷோகாலின் உறைப்பு ஜிஞ்சராலைவிடக் கூடுதல். அதோடு பச்சை இஞ்சியில் எலுமிச்சையை நினைவூட்டும் ஒரு பச்சை வாசம் உண்டே, அது காயும்போது பெருமளவு போய்விடும். மிஞ்சுவது மரமும் மண்ணும் கலந்த ஒரு கனத்த வாசம். ஏறக்குறைய 5 கிலோ இஞ்சி காய்ந்தால் 1 கிலோ சுக்குதான் தேறும். அந்த 1 கிலோவில் பாதிக்குக் கிட்டத்தட்ட மாவுச்சத்து. கெமெரேயின் அடியில் படிவதும், சுக்குக் குழம்பு லேசாகக் கெட்டிப்படுவதும் அதனால்தான்.

ஆகவே ஒரு அங்குல இஞ்சிக்குப் பதில் கால் ஸ்பூன் சுக்கு என்று சமையல் குறிப்புகளில் போடுகிறார்களே, அதை நான் நம்புவதில்லை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. கொத்துமல்லித் தழைக்குப் பதில் தனியா போட முடியுமா? பாலில் போட்டுப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். பச்சை இஞ்சியில் பாலைத் திரிய வைக்கும் ஒரு நொதி இருக்கிறது. இஞ்சித் தேநீருக்கு இஞ்சியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகுதான் பால் ஊற்ற வேண்டும் என்று அம்மாக்கள் சொல்வது அதற்காகத்தான். சுக்கில் அந்தத் தொல்லை இல்லை, காய்ந்ததில் நொதியின் வீரியம் போயிருக்கும். பாலோடு சுக்கைத் தைரியமாகக் கொதிக்க விடலாம்.

வாங்கும்போது முழுச் சுக்காக வாங்குங்கள். தூள் வாங்கினால் வாசம் ஏற்கெனவே பாதி பறந்திருக்கும். ஆனால் டர்பன் புழுக்கத்தில் முழுச் சுக்கையும் சும்மா விட்டுவைக்க முடியாது. சின்னப் பழுப்பு வண்டு ஒன்று வந்துவிடும். வெளியில் பார்க்கத் திடமாக இருக்கும், ஊசிமுனை அளவுக்கு ஒன்றிரண்டு ஓட்டைகள்தான் தெரியும். மேசைமேல் தட்டினால் அந்த ஓட்டைகளிலிருந்து மாவாகக் கொட்டும், உள்ளே கூடு. கடையிலேயே ஒரு துண்டை எடுத்துத் தட்டிப் பார்க்க நான் வெட்கப்படுவதில்லை. நல்ல சுக்கு ஒடியும்போது சத்தம் கேட்க வேண்டும். அப்புறம் தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டு, உரலில் நசுக்கி, பிறகு மிக்சியில். நேரே மிக்சியில் போட்டால் பிளேடு போய்விடும். சலித்தால் சல்லடையில் நார் நிற்கும், வெளுத்த நூலாகச் சுருண்டு. அதைத் தூக்கிப் போடாதீர்கள், தேநீர்த் தண்ணீரில் போடலாம். சலித்த பொடியைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டு தீரத் தீர இடிப்பது நல்லது.

தினப்படி அடுப்பில்

எதற்குப் பொருந்துகிறது என்பதற்கு வருகிறேன். மாவுத்தன்மை உள்ள காய், கிழங்கு, பயறு எல்லாவற்றுக்கும் சுக்கு கூட்டாளி. இங்கே மடும்பி என்று எல்லோரும் சொல்லும் சேப்பங்கிழங்கு, குவாசூலு நட்டால் மண்ணில் நன்றாக விளையும். அதை வேகவைத்து உரித்து, புளித்தண்ணீரில் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு, நல்லெண்ணெயில் கடுகும் பூண்டும் தாளித்தால் ஒரு குழம்பு வரும். கிழங்கின் வழவழப்பைச் சுக்கின் காந்தல் வெட்டிவிடும். மிளகாய்த் தூள் போட்டால் இது நடக்காது, மிளகாய் நாக்கைத்தான் சுடும். பட்டர்நட் என்கிற இனிப்புப் பூசணியைப் பொரியல் செய்து, இறக்கும்போது கால் ஸ்பூன் சுக்குப் பொடியும் தேங்காய்த் துருவலும். என் வீட்டில் தட்டில் மிச்சம் வைக்காமல் பிள்ளைகள் சாப்பிடும் ஒரே காய் இதுதான், அதற்கு இனிப்பு காரணமா சுக்கு காரணமா என்று நான் ஆராயப்போவதில்லை. உடைத்த மக்காச்சோளத்தையும் காய்ந்த பீன்ஸ் பயறையும் சேர்த்து வேகவைக்கிற இசிடாம்பு இங்கே பலருக்கும் வயிறு நிறையும் சாப்பாடு. வேகும்போதே ஒரு துண்டு சுக்கை நசுக்கிப் போட்டு, கடைசியில் எடுத்துவிடுகிறேன். சுகர் பீன்ஸ் என்கிற பயற்றுக் கறிக்கும் அப்படியே.

அமாசி தனிப் பாராட்டுக்கு உரியது. ஜூலு வீடுகளின் தயிர் என்று சொல்லலாம், கொஞ்சம் திரிதிரியாக, நல்ல புளிப்பாக இருக்கும். கடையில் லிட்டர் கணக்கில் கிடைக்கிறது. அதை மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, உப்பு, பெருங்காயம், ஒரு சிட்டிகை சுக்கு, கிள்ளிய கறிவேப்பிலை போட்டால் பிப்ரவரி மாத டர்பன் வெயிலுக்கு அதைவிட வேறு ஒன்றும் வேண்டாம். சூடாகக் குடிக்க ரூய்போஸ், இந்த நாட்டு மூலிகைத் தேநீர். காபித் தூள் இல்லாமலே சுக்குமல்லிக் காபி போடுகிறவர்கள் நாம், ரூய்போஸில் போடுவதற்கு என்ன தயக்கம்? தனியாவும் சுக்கும் வறுத்துப் பொடித்து, ரூய்போஸ் இலையோடு கொதிக்கவிட்டு, பால் ஊற்றினால் செம்மண் நிறத்தில் ஒரு பானம். கருப்பட்டி இங்கே லேசில் கிடைக்காது, பழுப்புச் சர்க்கரையால் ஒப்பேற்றுகிறேன்.

பொருந்தாத இடமும் உண்டு. கத்தரிக்காயில் சுக்கு வீண். தக்காளி அதிகம் உள்ள எதிலும் அது கசப்பாகத் தோன்றுகிறது. தேங்காய்ப்பாலில் மந்தமாகிவிடுகிறது, பாயசமானால் மட்டும் பரவாயில்லை, வெல்லம் அதைத் தூக்கிவிடும். சுடுகிற எண்ணெயில் பொடியை நேரே போடாதீர்கள், கண்மூடித் திறப்பதற்குள் கருகும். புளித்தண்ணீரிலோ பருப்பிலோ கரைத்துவிட்டு அஞ்சு நிமிஷம் கொதிக்க விடுங்கள். முக்கியமாக, கை தாராளம் வேண்டாம். கூடிப்போனால் உண்மையிலேயே கஷாயம் ஆகிவிடும், பிறகு மருந்து என்று சொல்கிறவர்கள் மேல் கோபப்பட முடியாது.

ஆயாவிடம் இதையெல்லாம் ஒரு நாள் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே தேநீருக்குப் பக்கத்தில் வைக்க ஒரு டப்பா இஞ்சி பிஸ்கட்டைத் திறந்தார், அவரே சுட்டது. அலமாரியில் மாவு, பேக்கிங் பவுடர் வரிசையில் ராபர்ட்சன்ஸ் சுக்குப் பொடி இருந்தது. கிறிஸ்துமஸுக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது ஜிஞ்சர் பியர் போடுவதும் அதில்தானாம். மேல் அலமாரியில், வேறொரு டப்பாவில், முழுச் சுக்கு. பிள்ளை பெற்ற மகளுக்கும் மருமகளுக்கும் இடித்தது போக மிச்சம். “ரெண்டும் ஒண்ணுதானே ஆயா?” என்றேன். “அது எப்படி ஒண்ணாவும்? அது கேக்குக்கு. இது சுக்கு” என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. அவருடைய பாட்டி காலத்தில், தோட்டத்து லயத்தில் ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கையில் இருந்தது அந்த மேல் டப்பா ஒன்றுதான் இருந்திருக்கும். அரிசியும் பருப்பும் உப்பும் அளந்து கொடுத்த படியில் யாரும் சுக்கு அளந்திருக்க மாட்டார்கள், எப்படியோ தேடித்தான் வைத்திருப்பார்கள். அப்படிச் சேர்த்த பண்டத்தைப் பருப்பில் சும்மா போடச் சொன்னால் மனசு வராதுதான். இது என் ஊகம், ஆயா அப்படி எதுவும் சொல்லவில்லை. பிஸ்கட் அபாரமாக இருந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

நான் வீட்டில் போடுவது கெமெரேயும் பானகமும் கலந்த ஒன்று. 5 லிட்டர் அளவு சொல்கிறேன். எலுமிச்சை அளவு புளி இரண்டு ஊறவைத்துக் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். இரண்டரைக் கப் பழுப்புச் சர்க்கரை, நாலு மேசைக்கரண்டி சுக்குப் பொடி, தட்டிய ஏலக்காய் ஆறு. இவற்றை ஒரு லிட்டர் கொதிநீரில் கரைத்து, மீதித் தண்ணீரையும் புளிக்கரைசலையும் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அரை டீஸ்பூன் ஈஸ்டும் ஒரு பிடி உலர்திராட்சையும் போட்டு மூடி வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். கோடையில் ஒரு ராத்திரி போதும், இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் ஒரு முழு நாள் ஆகும். திராட்சை மிதந்ததும் வடிகட்டி உடனே குளிர்பெட்டியில் வையுங்கள், வெளியே விட்டால் போதை ஏறத் தொடங்கும். 2020 ஊரடங்கில் மது விற்பனையை நிறுத்திவைத்தபோது இந்த நாடு அன்னாசியையும் ஈஸ்டையும் வைத்து என்ன செய்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கண்ணாடி பாட்டிலில் மட்டும் ஊற்றாதீர்கள், குளிரிலும் வாயு கொஞ்சம் ஊறிக்கொண்டே இருக்கும், வெடித்துவிடும். பிளாஸ்டிக் பாட்டிலில் நாலு விரற்கடை இடம் விட்டு ஊற்றி, தினம் ஒரு தடவை மூடியைத் தளர்த்தி மூடுங்கள். நாலைந்து நாளைக்குள் குடித்துவிட வேண்டும். அடியில் படிகிற மாவைக் கலக்கிக் குடிப்பதா, விட்டுவிடுவதா என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. நான் கலக்கிற கட்சி.